கொஞ்சம் லத்தீனும் ஒரு கற்பூரச் சத்தியமும்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். பதினொரு வருடம் கன்னியாஸ்திரியாக இருந்துவிட்டு, மதர் சுப்பீரியரோடு கொளுவிக்கொண்டு, ஒரு தகரப் பெட்டியோடு குருநகருக்குத் திரும்பி வந்தவள் நான். அத்தனை வருடத்தில் மடம் எனக்குத் தந்த ஒரே சீதனம் லத்தீன். அதை வைத்துக்கொண்டு குருநகரில் என்ன செய்வது? மீன் ஏலம் கூறவும் உதவாது. அதனால்தான் அருந்ததி ஆள் அனுப்பிக் கூப்பிட்டபோது மறுபேச்சில்லாமல் போனேன்.

அருந்ததியும் நானும் பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்தவர்கள். அவள் படித்துச் சட்டத்தரணியாகி, சாவகச்சேரி நீதிமன்றத்தில் வழக்குப் பேசிக்கொண்டிருந்தாள். புருஷன் சவூதியில் எஞ்சினியர். இவள் மாமியார் சிவக்கொழுந்தோடு சாவகச்சேரியில் பெரிய கல்வீடொன்றில் இருந்தாள். அது எண்பத்து நாலாம் ஆண்டு. முந்திய ஆடிக் கலவரத்துக்குப் பிறகு போக வழியுள்ளவர்கள் எல்லோரும் வெளிநாடு போய்க்கொண்டிருந்தார்கள். அருந்ததிக்கு ஒல்லாந்தில் உரோமன்-டச்சுச் சட்டம் மேற்படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. அரிச்சுவடி லத்தீனாவது தெரிந்துகொண்டு வரும்படி அங்கிருந்து சொல்லிவிட்டார்கள். ஆகவே சனி ஞாயிறுகளில் நான் பஸ் ஏறிப்போய் அவளுக்கு வேற்றுமை உருபுகளை ஓதிக்கொடுத்தேன்.

நான் கொண்டுபோன புத்தகம் வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்காக எழுதியது. படம் போட்டது. முதற் பாடத்திலேயே 'தொமினுஸ்' என்றால் எசமான், 'செர்வுஸ்' என்றால் அடிமை, 'ஆன்சில்லா' என்றால் அடிமைப் பெண். இரண்டாம் பாடத்தில் எசமான் கூப்பிடுவான், அடிமை ஓடி வருவான். மூன்றாம் பாடத்தில் எசமானி தலைவாரச் சொல்லுவாள், அடிமைப் பெண் வாருவாள். பாடத்தின் அடியில் மொழிபெயர்க்க ஒரு வாக்கியம்: எசமான் நல்லவர், ஆதலால் அடிமைகள் மகிழ்ச்சியாக இருக்கிறார்கள். படத்திலும் அவர்கள் பல்லைக் காட்டிக்கொண்டுதான் நின்றார்கள். சீ, என்ன புத்தகம்! மடத்தில் நானும் அதையேதான் பாடமாக்கினேன். அங்கே கோயில் மணி அடிக்கும்போதெல்லாம் முழங்காலில் நின்று, மாதாவின் சொல்லை எங்கள் சொல்லாக்கி, ஆண்டவருக்கு நாங்கள் ஆன்சில்லா என்று சொல்லுவோம். அந்தச் சொல்லுக்குள் தலைவாருகிற ஒருத்தி நிற்கிறாள் என்று யாருக்குத் தோன்றியது?

அருந்ததிக்குத் தோன்றியது. அதை நான் மறைக்கவில்லை. பாடம் படிக்கும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிடும். உரோமச் சட்டத்தைப் பற்றித் தடித்த புத்தகமொன்றும் அவளிடம் இருந்தது. அதில் வாசித்ததையெல்லாம் எனக்குச் சொல்லிச் சொல்லிக் கொதிப்பாள்.

"கேட்டியே பெர்னடெட்? சந்தையிலை விக்கேக்கை காலிலை வெள்ளை பூசி நிப்பாட்டுவினமாம். கழுத்திலை ஒரு பலகை. இன்ன வருத்தம், இன்ன பழக்கம் எண்டு அதிலை எழுதியிருக்குமாம். மாடு விக்கிறவன்கூட உப்பிடிச் செய்யமாட்டான்."

"ஓமடி."

"அடிமை ஓடிப்போனால், அவன் தன்னைத்தானே களவெடுத்தவனாம். சட்டத்திலை கிடக்கு! தன்ரை உடம்பைத் தானே களவெடுக்கிறதோ? காட்டுமிராண்டியள்! எனக்கெண்டால் சத்தி வருது."

சொல்லிவிட்டு, புத்தகத்திலிருந்து தலையை எடுக்காமலே, "சரசு! தேத்தண்ணி!" என்று கூப்பிடுவாள்.

சரசு அந்த வீட்டு வேலைக்காரி. இருபத்து மூன்று வயதிருக்கும். மலைநாட்டுப் பெண். எழுபத்தேழுக் கலவரத்தில் தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்பு எரிந்து, தாயும் அண்ணனும் இவளுமாக வவுனியாவுக்கு ஓடிவந்து நின்றபோது, சிவக்கொழுந்து மாமி போய் இவளைக் 'கேட்டு எடுத்து' வந்தாராம். மாமியின் சொல் அது. விடிய முற்றம் கூட்டுவதிலிருந்து படுக்கும்போது மாமியின் கால் அமத்துவது வரைக்கும் எல்லாம் இவள்தான். அடிக்கவில்லை, பட்டினி போடவில்லை. தீபாவளிக்குச் சட்டை எடுத்துக் கொடுத்தார்கள். காதுக்கு ஒரு சோடி தோடும் போட்டிருந்தார்கள். சம்பளம் என்ற பேச்சு மட்டும் அந்த வீட்டில் எழுந்ததே இல்லை. "பிள்ளைக்கு ஆரும் சம்பளம் குடுக்கிறதோ? சரசு எங்கடை பிள்ளை மாதிரி," என்று மாமி வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லுவார். பெற்ற பிள்ளையைக் குசினி வாசற்படியில் இருத்திச் சோறு போடுகிற தாயை நான் அங்கேதான் கண்டேன். எனக்கும் தேநீர் தனிக் கோப்பையில்தான் வரும். கரையோரத்து வேதக்காரிக்கு அது போதும் என்று யாரோ தீர்மானித்திருந்தார்கள்.

ஒருநாள் கை கழுவக் கிணற்றடிக்குப் போனேன். சரசு தண்ணீர் வார்த்தாள். என் கழுத்துச் செபமாலையைப் பார்த்துவிட்டு, வீட்டுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்து, அவசரமாகச் சிலுவை அடையாளம் போட்டாள்.

"நாங்களும் வேதந்தான், அக்கா. என்ரை பேர் மக்டலீன்."

"அப்ப சரசு?"

"அது இஞ்சை வைச்ச பேர். சாமியறை இருக்கிற வீட்டிலை மக்டலீன் எண்டு கூப்பிட ஏலாதாம். எனக்கு முந்தி நிண்ட பிள்ளையும் சரசுதானாம். அதுக்கு முந்தி நிண்டதும்."

செத்த நாயின் பெயரை அடுத்த நாய்க்கு வைக்கவே சிலருக்கு மனம் வராது. நான் போய் அருந்ததியிடம் கேட்டேன். "அட, அதுவே? மாமிக்கு வாயிலை வந்த பேர். அவளுக்கும் அது நல்ல விருப்பம்," என்று சொல்லிவிட்டு மூன்றாம் வேற்றுமைக்குப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு வந்த ஒரு சனிக்கிழமை, பாடம் நடந்துகொண்டிருக்கும்போது படலையடியில் யாரோ கூப்பிட்டார்கள். மாமி படுத்திருந்தார். அருந்ததிதான் எழுந்து போனாள். விறாந்தையில் இருந்த எனக்கு எல்லாம் கேட்டது. வந்தவன் மக்டலீனின் அண்ணன் சவரிமுத்து. படலைக்கு வெளியேதான் நின்றான். உள்ளே வா என்று அவள் சொல்லவில்லை.

"தங்கச்சியக் கூட்டிக்கிட்டுப் போக வந்திருக்கேங்க. எங்க ஆளுங்களத் திருப்பி அனுப்புற ஒப்பந்தப்படி இந்தியாவுக்குப் பாஸ்போர்ட்டு வந்திருச்சு. அவ பேரும் அதுலதான் இருக்கு. வர்ற வெள்ளிக்கிழம தலைமன்னார்ல கப்பல் ஏறணும். அதுக்குப் பெறகு கப்பலயே நிப்பாட்டிருவாங்கன்னு பேசிக்கிறாங்க. இப்ப விட்டா அவ தனியா இங்கயே கெடக்க வேண்டியதுதாங்க."

"ஐயோ, அவள் எங்கடை சொந்தக்காரரோடை கிளிநொச்சிக்கெல்லே போட்டாள்," என்றாள் அருந்ததி. தேன் சொட்டியது அந்தக் குரலில். "இப்ப வரமாட்டாள். நீங்கள் போய்ச் சேருங்கோ. பேந்து நாங்கள் அனுப்பி வைக்கிறம்."

பின்வளவில் மக்டலீன் மா இடிக்கிற உலக்கைச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அது சவரிமுத்துவுக்கும் கேட்டிருக்கும். உலக்கை பிடித்திருப்பது தன் தங்கை என்று அவனுக்கு எப்படித் தெரியும்? கும்பிட்டுவிட்டுப் போனான்.

அருந்ததி வந்து கதிரையில் இருந்து சேலையைச் சரிசெய்தாள். "எதிலை விட்டனாங்கள்?"

"ஏனடி பொய் சொன்னனீ?"

"உனக்கு விளங்காது. நான் ஒல்லாந்துக்குப் போனால் மாமியை ஆர் பாக்கிறது? இந்தியாவிலை உவைக்கு என்ன கிடக்கு, வீடே வாசலே? இஞ்சையெண்டால் சோத்துக்குக் குறைவில்லை. அதோடை நாங்கள் ஒருத்தரையும் கட்டி வைச்சிருக்கேல்லை. அவளாய்த்தான் சத்தியம் பண்ணினவள்."

பிறகுதான் அந்தக் கதை வெளியே வந்தது. கப்பல் நிற்கப் போகிறது என்ற பேச்சு அடிபட்ட உடனேயே மாமி விழித்துக்கொண்டார். ஒரு வெள்ளிக்கிழமை மக்டலீனைத் தோயவார்த்து, பிள்ளையார் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டுபோய், கற்பூரம் கொளுத்தி, அதிலே அடித்துச் சத்தியம் செய்ய வைத்திருக்கிறார். எங்கள் ஊர்களில் நீதவான் தீர்ப்பை மீறுகிறவன்கூடக் கற்பூரச் சத்தியத்தை மீறப் பயப்படுவான். மீறினால் குலம் அழியும் என்பார்கள். மாமி சொல்லச் சொல்ல அவள் திருப்பிச் சொன்னாளாம்: 'சரசுவாகிய நான், அருந்ததி அக்கா ஒல்லாந்தாலை திரும்பி வருமட்டும் இந்த வீட்டை விட்டுப் போகமாட்டன்.'

"அவள் மனமொத்துக் குடுத்த வாக்கு," என்றாள் சட்டத்தரணி. "கட்டாயப்படுத்தினதெண்டு ஒருத்தரும் சொல்லேலாது."

"படிக்கிறது தேவாரம், இடிக்கிறது சிவன் கோயில்!"

"நீ லத்தீனைப் படிப்பி, பெர்னடெட். வீட்டு விசயம் எங்கடை."

தலையிடி என்று சொல்லிவிட்டு எழுந்தேன். எனக்கு வந்த அருவருப்பில் அந்தக் கதிரையில் இருக்கவே முடியவில்லை. வெயிலில் ஓட்டமும் நடையுமாகப் பஸ் நிலையத்துக்குப் போனேன். நல்லவேளை, சவரிமுத்து சந்தை மதிலோரம் குந்தியிருந்தான். அவனுடைய தங்கை அந்த வீட்டிலேயே இருக்கிறாள் என்று சொன்னேன். அவன் எழும்பவும் இல்லை, கத்தவும் இல்லை. முகத்தை இரண்டு கையாலும் துடைத்தான். அவ்வளவுதான்.

"நாளைக்குக் காலமை வா," என்றேன். "படலையடியிலை நிண்டு அவளின்ரை பேரைச் சொல்லிப் பலமாய்க் கூப்பிடு. நான் உள்ளை இருப்பன்." சத்தியத்தைப் பற்றி அவனிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் அவனே பயந்து பின்வாங்கிவிடுவான் என்று தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்கும் போகாமல் முதல் பஸ்ஸில் வந்து இறங்கினேன். தலையிடி என்று போனவள் அவ்வளவு வெள்ளென வந்து நின்றதில் அருந்ததிக்கு வியப்பு. மூன்றாம் பாடத்தைத் திருப்பிப் படித்தோம். மாமி பக்கத்தில் சாய்மனைக் கதிரையில் இருந்து வெற்றிலை மென்றார். எனக்கு ஒரு சொல்லும் தலைக்குள் ஏறவில்லை. மக்டலீன் அந்தச் சத்தியத்துக்குப் பயந்து நின்றுவிட்டால்? வேதக்காரிதான், ஆனாலும் ஏழு வருடமாக அந்த வீட்டு விபூதிக்கும் சாபத்துக்கும் நடுவில் இருந்தவள்.

"மக்டலீன்! ஏ மக்டலீன்!" என்று தெருவிலிருந்து சத்தம் வந்தது.

மாமி தலையை நிமிர்த்தினார். "ஆரடா அது? இஞ்சை அப்பிடி ஒருத்தரும் இல்லை!" மனிசி பொய் சொல்லவில்லை. அந்தப் பெயரே அவருக்கு மறந்துபோயிருந்தது.

பின்பக்கத்தால் மக்டலீன் வந்தாள். முழங்கை வரை மா. படலையைப் பார்த்தாள், அப்படியே நின்றாள். மாமிக்கு விளங்கிவிட்டது.

"சரசு, உள்ளை போ."

அவள் போகவில்லை. "அண்ணே," என்றாள்.

"கற்பூரத்திலை அடிச்சது மறந்து போச்சோ? பிள்ளையாருக்கு முன்னாலை அடிச்சனி! படலையைத் தாண்டினால் கை கால் அழுகும். உன்ரை கொம்மா கப்பலிலேயே சாவாள்!"

சவரிமுத்து உள்ளே வைத்த காலை வெளியே எடுத்துவிட்டான். "சத்தியம் பண்ணிட்டியா, பாப்பா?" என்று கேட்டான். இனி முடிந்தது என்று நினைத்தேன்.

மக்டலீன் கையிலிருந்த மாவைப் பாவாடையில் துடைத்தாள்.

"சத்தியம் பண்ணுனது சரசுண்ணே. நம்ம வீட்டுல சரசுன்னு யாரு இருக்கா?"

ஏழு வருடமாக எங்கள் பேச்சைப் பேசியவள், தன் பேச்சில் அதைச் சொன்னாள். மாமியின் வாய் வெற்றிலையோடு திறந்தபடியே நின்றது. எனக்குக் கைதட்ட வேண்டும் போலிருந்தது, தட்டியும்விட்டேன்.

ஆனால் அவர்கள் சும்மா விடுகிற ஆட்களா? அவள் பையை எடுத்துக்கொண்டு வந்ததும், "திறந்து காட்டிப்போட்டுப் போ," என்றார் மாமி. அருந்ததிதான் திறந்தாள். நீதிமன்றத்தில் வழக்குப் பேசுகிற அருந்ததி, இரண்டு விரலால் ஒவ்வொன்றாகத் தூக்கி மேசையில் போட்டாள். மூன்று சட்டை, பல் உடைந்த சீப்பு, தலையணைக்குள் மறைத்து வைத்திருந்த மாதா படம். உள்பாவாடையைக்கூட உதறிப் பார்த்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"தோடு எங்கடை," என்றார் மாமி.

ஒரு தோடு கழன்றது. மற்றதன் சுரை இறுகிப்போயிருந்தது. அருந்ததி நல்லெண்ணெய் கொண்டுவந்து விட்டு, காதைப் பிடித்துத் திருகினாள். மக்டலீன் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். கழன்றதும் இரண்டு தோட்டையும் வாங்கி மக்டலீனே லத்தீன் புத்தகத்தின் மேல் வைத்தாள். பையை அடுக்கினாள். அண்ணனோடு போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

படலை சாத்தியதும் மாமி எழுந்து வந்தார். தோட்டை எடுத்தார். சேலைத் தலைப்பில் முடிந்து இடுப்பில் செருகினார்.

"அருந்ததி, பொலிசுக்குப் போ. தோட்டைக் களவெடுத்துக்கொண்டு ஓடிட்டாளெண்டு சொல்லு. ஆனையிறவிலை பஸ்ஸை மறிச்சு இறக்குவாங்கள்."

ஆனையிறவில் ஆமிக்காரர் ஒரு குமர்ப்பிள்ளையை இறக்கினால் என்ன நடக்கும் என்று அந்த நாளில் யாழ்ப்பாணத்தில் யாருக்குத் தெரியாது? மாமிக்கும் தெரியும். தெரிந்துகொண்டுதான் சொன்னார். நான் அருந்ததியைப் பார்த்தேன். எனக்கு இன்னும் ஒரு நப்பாசை இருந்தது. அவள் மாமியின் இடுப்பு முடிச்சைப் பார்த்தாள். பிறகு மேசையில் கிடந்த பேனையை எடுத்து மூடியைக் கழற்றினாள்.

"தோடு உங்கடை மடியிலை கிடக்கு, மாமி," என்றேன். "என்ரை கண்ணாலை கண்டனான். கோட்டுக் கூண்டிலை ஏறிச் சாட்சி சொல்லுவன்."

"மீன் நாறுறவளின்ரை சாட்சியைக் கோட்டிலை ஆர் கேப்பினம்?"

"கோட்டிலை கேக்காட்டில் சந்தையிலை நிண்டு கத்துவன். என்ரை தொண்டை எப்பிடியெண்டு உங்கடை மருமகளைக் கேளுங்கோ!"

அருந்ததி பேனையை மூடினாள். "வேண்டாம், மாமி," என்றாள். "பொலிஸ் கேஸெண்டால் என்ரை பேரும் பதிவாகும். விசா எடுக்கேக்கை இடைஞ்சல்."

அவ்வளவுதான் அவள் சொன்ன காரணம். என் பக்கம் திரும்பி, "அடுத்த கிழமை நாலாம் பாடம் தொடங்குவமே? வரேக்கை, உங்கடை பக்கத்திலை தாய் தேப்பன் இல்லாத பிள்ளை ஆரும் இருந்தால் பாத்துச் சொல்லு," என்றாள்.

"தூ!" என்று முற்றத்தில் துப்பினேன். புத்தகத்தை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு இறங்கி நடந்தேன். எனக்கு உண்மையாகவே சத்தி வந்தது. வேலியோரம் நின்று ஓங்காளித்துவிட்டுத்தான் பஸ் நிலையத்துக்குப் போனேன்.

வவுனியா பஸ் இன்னும் வந்திருக்கவில்லை. அண்ணனும் தங்கையும் நின்றார்கள். என்னைக் கண்டதும் மக்டலீன் ஓடிவந்தாள். காதுமடல் சிவந்து வீங்கியிருந்தது.

"நல்ல காலம் உங்களக் கண்டேன், அக்கா. பெரியம்மாவுக்கு மத்தியானம் சாப்புட்ட பெறகு குளிசை குடுக்கணும். வெள்ளையில ஒண்ணு, மஞ்சள்ல பாதி. மஞ்சள முழுசாக் குடுத்தா மயங்கி விழுந்திருவாங்க. அவங்களுக்கு எது எதுன்னு தெரியாது. அருந்ததி அக்காவுக்கும் தெரியாது. கொஞ்சம் போயிச் சொல்லிருங்க."

எனக்கு வந்த கோபத்தில் அவள் கன்னத்திலேயே ஒன்று போடலாம் போலிருந்தது. அந்தக் கிழவி அவளை ஆமிக்காரனிடம் பிடித்துக் கொடுக்கப் பார்த்தாள் என்று சொல்ல வாயெடுத்தேன். பஸ் வந்துவிட்டது. "ஓம், சொல்லுறன். நீ ஏறு," என்றேன். யன்னலால் தலையை நீட்டி, "பாதிதான், அக்கா," என்று மறுபடி சொன்னாள். பஸ் போய்விட்டது.

வழி முழுக்க வாயில் வந்தபடி திட்டிக்கொண்டே அந்த வீட்டுக்குத் திரும்ப நடந்தேன். மாமி அதே சாய்மனைக் கதிரையில் இருந்தார். படலையடியில் நின்றபடி, வெள்ளையில் ஒன்று, மஞ்சளில் பாதி என்று சொன்னேன். யார் சொல்லிவிட்டது என்று மாமி கேட்கவில்லை.

"வந்தனிதானே, அதை எடுத்து உடைச்சுத் தந்திட்டுப் போ," என்றார். "தண்ணியும் கொண்டா."

"நீங்களே எழும்பி எடுங்கோ, மாமி," என்றேன்.

மாமி அருந்ததியைப் பார்த்தார். அருந்ததி குசினிக்குள் போனாள். தட்டுத் தட்டாகப் பேணிகளையும் போத்தல்களையும் உருட்டுகிற சத்தம் கனநேரம் கேட்டது. குளிசை எங்கே இருக்கிறதென்று அந்த வீட்டில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை.